பாக்கி வசூலிக்க வந்த எட்டுக்கால் பூச்சி

ராட்சத சிலந்திப் படம் என்று சொன்னாலே போதும், சிரிப்பதற்கு ஒரு கோஷ்டி ரெடியாக இருக்கும். ரப்பர் கால், அலறும் கதாநாயகி, தொப்பி போட்ட ஷெரீப், கடைசியில் ஒரு பெரிய வெடி. "இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?" என்பது ஒரு கட்சி. "மொக்கையாக இருப்பதுதான் அதன் அழகே, பத்து பேர் சேர்ந்து கிண்டலடித்துக்கொண்டே பார்க்கணும்" என்பது இன்னொரு கட்சி. அடித்துக்கொள்ளும் இந்த இரண்டு கட்சிக்கும் ஒரே ஒரு விஷயத்தில் கூட்டணி உண்டு. படத்துக்குள் ஒன்றுமே கிடையாது என்பதில்.

அந்தக் கூட்டணி தப்பு. அதுவும் அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்தில், அதாவது கௌபாய் படங்களின் அதே மண்ணில் கதை நடக்கும் சிலந்திப் படங்களைப் பொறுத்தவரை ரொம்பவே தப்பு. அந்தப் படங்களுக்குள் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. யாரோ ஒருவர் லாபமோ பெயரோ பார்க்கிறார். அதற்கான செலவைப் பேரேட்டில் எழுதாமல் மண்ணில் கொட்டிவிடுகிறார். எழுதாமல் விட்ட செலவு ஒருநாள் எட்டுக் காலோடு எழுந்து வந்து ஊர்க் கதவைத் தட்டுகிறது. அந்த சிலந்தியை வில்லன் என்று சொல்வது, கடன்காரன் வீட்டுக்கு வந்த பில்லை வில்லன் என்று சொல்வது மாதிரி. படம் தேறுமா தேறாதா என்று பார்க்க சிலந்தி நிஜமாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதாது. பில்லை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்க்கணும்.

முதலில் விஞ்ஞானக் கோஷ்டியை அனுப்பிவைத்துவிடலாம். "அவ்வளவு பெரிய சிலந்தி இருக்கவே முடியாது" என்பார்கள். சத்தியமாக முடியாதுதான். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926லேயே ஒரு கட்டுரையில் உயிரினங்களின் அளவைப் பற்றி அழகாக விளக்கிவிட்டார். நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும். ஆனால் காலின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான் கூடும். வீடு சைஸ் சிலந்தி முதல் அடி எடுத்து வைப்பதற்குள் கால் முறிந்து உட்கார்ந்துவிடும். போதாக்குறைக்கு சிலந்தி காலை நீட்டுவதே உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான். அரிசோனாவில் நிஜமாகத் திரியும் டாரன்டுலாவோ பரம சாது. கடித்தால் தேனீ கொட்டின மாதிரி வலிக்கும், அவ்வளவே. எல்லாம் சரி. பேய்ப் படத்தில் பேயின் எடை எவ்வளவு என்று யாராவது கேட்கிறார்களா? பயம் எதைப் பற்றியது என்றுதான் கேட்கணும்.

ஏன் அந்தப் பாலைவனம்?

சிலந்தி எங்கேயும் இருக்கிறது. நியூயார்க் மாடியிலும் இருக்கிறது. பிறகு ஏன் சொல்லிவைத்த மாதிரி அரிசோனா, நெவாடா பக்கமே போகிறார்கள்? செலவு குறைவு, ஸ்டுடியோவிலிருந்து கிட்ட என்பதெல்லாம் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், கௌபாய் படம் அந்த மண்ணுக்கு ஏற்கெனவே ஒரு இலக்கணம் எழுதி வைத்துவிட்டது. நடுவே ஒரு சின்ன ஊர். ஒரு ஷெரீப், ஒரு மேயர், ஒரு பண்ணைக்காரர், ஒரு பழைய சுரங்கம். சுற்றிலும் "யாருமில்லாத" வெட்டவெளி. அந்த வெளியிலிருந்து ஏதோ ஒன்று குன்றின் மேல் எழும்பி வரும். ஊர் கதவைச் சாத்தும். கடைசி நிமிடத்தில் குதிரைப்படை வந்து காப்பாற்றும். ஜான் ஃபோர்டின் ஸ்டேஜ்கோச் 1939இல் வந்தது. அதில் குன்றின் மேல் நின்றது அப்பாச்சிகள். பதினாறு வருடம் கழித்து அதே மாதிரியான குன்றின் மேல் சிலந்தி.

அந்த "யாருமில்லாத" என்ற வார்த்தையில்தான் மொத்தப் பொய்யும் இருக்கிறது. கௌபாய் படம் அந்தப் பொய்யை நம்பச் சொல்லும். நல்ல சிலந்திப் படமோ அதைச் சந்தேகப்படச் சொல்லும். வெட்டவெளி என்று நினைத்து எதையோ கொட்டினாயே, அங்கே ஏற்கெனவே ஒன்று குடியிருந்ததே, அது சாப்பிட்டுவிட்டதே, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும்.

1955: கணக்கைக் கொளுத்திவிடு

ஜாக் அர்னால்டின் டாரன்டுலா 1955இல் யூனிவர்சல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அரிசோனாவில் டெசர்ட் ராக் என்று ஒரு கற்பனை ஊர். ஊருக்கு வெளியே பேராசிரியர் டீமர், உலகத்து ஜனத்தொகை பெருகிக்கொண்டே போகிறதே, எல்லோருக்கும் சோறு போட ஒரு ஊட்டச்சத்து கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சி செய்கிறார். கெட்டவர் இல்லை. நோக்கம் உயர்ந்த நோக்கம். ஆனால் அந்த மருந்தில் கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறது. ஊசி போட்ட மிருகங்கள் வீங்குகின்றன, தனக்கே ஊசி போட்டுக்கொண்ட உதவியாளர்கள் உருக்குலைந்து போகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் அடிதடியில் தீப்பிடித்து, சிலந்தி வெளியே போய்விடுகிறது.

இந்தப் படத்தில் நிஜ டாரன்டுலாவையே படமெடுத்து நிலக்காட்சியோடு இணைத்தார்கள். காற்றைப் பீய்ச்சிப் பீய்ச்சி அதை நடக்கவைத்தார்கள். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும், இரவில் குதிரைக் கொட்டடிக்குப் பின்னால் அது எழும்பும் காட்சியில் வயிறு கலங்குகிறது. கிண்டல் கட்சிக்காரர்கள் இந்த ஒரு காட்சியைச் சத்தம் போடாமல் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஆனால் கணக்கு? அங்கேதான் படம் ஏமாற்றுகிறது. டைனமைட் வைத்துப் பார்க்கிறார்கள், பலிக்கவில்லை. விமானப்படை வருகிறது, நேபாம் போடுகிறது, சிலந்தி எரிகிறது, படம் முடிகிறது. நவீனக் குதிரைப்படை! அந்த விமானப் படைப்பிரிவின் தலைவனாக, முகமூடிக்குள் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? டைட்டிலில் பெயர்கூடப் போடப்படாத கிளின்ட் ஈஸ்ட்வுட். ஒன்பது வருடம் கழித்து, 1964இல், எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் மூலம் கௌபாய் படத்துக்கே முகமாகப் போகிறவர். தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

பேராசிரியர் செத்தாச்சு, சிலந்தி எரிஞ்சாச்சு, ஆக கணக்கு முடிஞ்சாச்சு என்கிறது படம். அதே 1955இல், பிப்ரவரியிலிருந்து மே வரை, பக்கத்து மாநிலமான நெவாடாவில் "ஆபரேஷன் டீபாட்" என்ற பெயரில் 14 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. காற்று கிழக்கே அடித்தது. படத்தில் கதிரியக்கத்தை ஒரு தனி மனிதர் ஊசியில் அடைத்து வைத்திருக்கிறார். நிஜத்தில் அதை வானத்தில் ஊற்றியது அரசாங்கம். படத்திலோ அதே அரசாங்கத்தின் விமானம் ரட்சகனாக வருகிறது. தப்பு செய்த கம்பெனியே தணிக்கைக்கும் ஆள் அனுப்பின கதை.

டி.டி.டி.யின் இரண்டு முகம்

அடுத்தது பெர்ட் ஐ. கார்டன் 1958இல் எடுத்த எர்த் வெர்சஸ் த ஸ்பைடர். சின்ன ஊர், ஷெரீப், ஊருக்கு வெளியே குகை. சிலந்தியை டி.டி.டி. மருந்தடித்துச் சாய்க்கிறார்கள். செத்துவிட்டது என்று நினைத்துப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். பிள்ளைகள் ராக் அண்ட் ரோல் வாசித்ததும் அது எழுந்துவிடுகிறது :-) சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1958இல் டி.டி.டி.தான் மருந்து.

1962இல் ரேச்சல் கார்சன் சைலன்ட் ஸ்பிரிங் எழுதினார். 1972இல் அமெரிக்கா விவசாயத்தில் டி.டி.டி.யைத் தடை செய்தது. 1977இல் ஜான் "பட்" கார்டோஸ் இயக்கிய கிங்டம் ஆஃப் த ஸ்பைடர்ஸ் வந்தது. அதில் டி.டி.டி.தான் நோய். பூச்சிமருந்து அடித்து அடித்து சிலந்திகளின் இரையை ஒழித்துவிட்டார்கள். பசித்த சிலந்திகள் ஒன்றுசேர்ந்து மாடு, நாய், மனுஷன் என்று கிளம்பிவிட்டன. இருபது வருடத்துக்குள் ஒரே பொருள் வரவுப் பக்கத்திலிருந்து பற்றுப் பக்கத்துக்கு மாறிய கதையை இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கலாம். "ஒன்றுமே இல்லாத" படங்களாம்!

கட்டாமல் தப்ப முடியாத பில்

இந்த வகையின் உச்சம் கிங்டம் ஆஃப் த ஸ்பைடர்ஸ்தான். "அதில் ராட்சத சிலந்தியே கிடையாதே, எல்லாம் கையளவு சிலந்திதானே" என்று ஒரு ஆட்சேபணை வரும். வாஸ்தவம். ஆனால் ஒரு பண்ணையில் மேடு மாதிரி குவிந்து கிடக்கும் கூட்டத்தையும் கடைசிக் காட்சியையும் பார்த்துவிட்டு, அது ராட்சதம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இடம் அரிசோனாவின் வெர்டே பள்ளத்தாக்கு. ஸ்டார் டிரெக் புகழ் வில்லியம் ஷாட்னர் மாட்டு வைத்தியராக, குதிரையும் கயிறுமாக வருகிறார். பண்ணைக்காரர் கோல்பியாக வுடி ஸ்ட்ரோட். ஜான் ஃபோர்டின் சார்ஜென்ட் ரட்லெட்ஜில் (1960) நடித்த அதே கறுப்பின நடிகர். கோல்பியின் கன்றுக்குட்டி சாகிறது. பரிசோதித்தால் சிலந்தி விஷம். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் சிலந்தி நிபுணர் டயான், பூச்சிமருந்துதான் காரணம், மறுபடி மருந்தடித்தால் விபரீதம், சிலந்தியைத் தின்னும் பறவைகளையும் எலிகளையும் விடலாம் என்கிறார். மேயருக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? ஊர்த் திருவிழா வருகிறதே, வியாபாரம் கெட்டுவிடுமே! மருந்தடிக்க விமானம் அனுப்புகிறார். விமானிமேலேயே சிலந்தி ஏறுகிறது. விமானம் விழுகிறது.

"இது 1975இல் வந்த ஜாஸ் படத்தின் காப்பி" என்று ஒரு கோஷ்டி சொல்லும். மேயர் பாத்திரம் காப்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாஸில் சுறா எங்கிருந்தோ வருகிறது. அதை யாரும் உண்டாக்கவில்லை. கொன்றுவிட்டால் பிரச்னை தீர்ந்தது, மறுவருடம் கடற்கரையைத் திறந்துவிடலாம். கிங்டமில் அப்படித் தப்ப வழியில்லை. பசியை உண்டாக்கியது ஊர். பசித்து வந்ததைக் கொல்ல ஊர் எடுக்கும் ஆயுதமோ பசியை உண்டாக்கிய அதே மருந்து. கடனை அடைக்க மேலும் கடன் வாங்குகிற குடும்பம் மாதிரி வட்டி ஏறிக்கொண்டே போகிறது.

கடைசிக் காட்சியில் இரவெல்லாம் விடுதிக்குள் அடைந்து கிடந்தவர்கள் விடிந்ததும் ஜன்னல் பலகையைப் பெயர்த்துப் பார்க்கிறார்கள். ஊர் முழுக்க வெள்ளை வலைக்குள் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. குதிரைப்படை வரவில்லை. வரப்போவதுமில்லை. ரேடியோவில் இப்படி ஒரு ஊர் அழிந்த செய்திகூட இல்லை. அந்தப் பின்னணி ஓவியம் ஓவியமாகத்தான் தெரிகிறது, அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். கௌபாய் படத்தின் மொத்த வாக்குறுதியையும், அதாவது ஊர் ஜெயிக்கும் என்ற அந்த ஒரே வாக்குறுதியை, அதே மண்ணில் வைத்துக் கிழித்த படங்கள் எத்தனை இருக்கின்றன?

இங்கே படத்தைப் பாராட்டுபவர்கள் மழுப்பிவிட்டுப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. படத்தின் தயாரிப்புச் செலவு சுமார் 5 லட்சம் டாலர். அதில் 50 ஆயிரம் டாலர் சிலந்திகளுக்கு. ஒன்று பத்து டாலர் வீதம் சுமார் 5000 நிஜ டாரன்டுலாக்கள். திரையில் காருக்கு அடியிலும் காலுக்கு அடியிலும் நசுங்குபவற்றில் நிஜச் சிலந்திகளும் உண்டு. பெண் டாரன்டுலா இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. மனிதன் செலவை எழுதாமல் மண்ணில் கொட்டுகிறான் என்று கண்டிக்கிற படமே, தன் செலவில் ஒரு பகுதியை அப்படித்தான் கொட்டியிருக்கிறது. பட்ஜெட்டில் பத்து சதவீதம் என்று எழுதினார்கள். உயிர் என்று எழுதவில்லை. படத்தின் கருத்து இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கருத்துக்குப் படமே சாட்சியாக நிற்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆகணும். "அந்தக் காலத்தில் நிஜ சிலந்தியை வைத்து எடுத்தார்கள், இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். கம்ப்யூட்டர் சிலந்தியின் பெரிய நல்ல குணம், அது சாவதில்லை.

பிறகு கணக்கே காணாமல் போனது

1999. வைல்ட் வைல்ட் வெஸ்ட். வில் ஸ்மித், கெவின் க்ளைன், சுமார் 17 கோடி டாலர் செலவு. பாலைவனத்தில் 80 அடி இரும்பு சிலந்தி நடக்கிறது. தயாரிப்பாளர்களில் ஒருவர் ஜான் பீட்டர்ஸ். அதற்குச் சில வருடம் முன்பு சூப்பர்மேன் படத்துக்குத் திரைக்கதை எழுதப் போனபோது, கடைசியில் ஒரு ராட்சத சிலந்தியோடு சண்டை வைக்கச் சொன்னார் என்று கெவின் ஸ்மித் மேடையில் சொன்ன கதை பிரபலம். ஆக, கதைக்காக சிலந்தி வரவில்லை. சிலந்தி ஏற்கெனவே ரெடி, அதை நிறுத்த ஒரு கதை தேவைப்பட்டது. இரும்பு சிலந்திக்குப் பசி கிடையாது, குட்டி கிடையாது, யாருடைய பாவத்திலும் அது பிறக்கவில்லை. அது வெறும் பெரிய சாமான். வேடிக்கை என்னவென்றால், வில்லன் லவ்லெஸ் அமெரிக்க நிலத்தைப் பிரித்துப் பூர்வகுடிகளுக்கும் மெக்சிகோவுக்கும் இன்னும் சில நாடுகளுக்கும் கொடுக்கப் போவதாகச் சொல்கிறான், தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டு. படத்தில் பழைய பாக்கியைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள் பைத்தியக்கார வில்லன். அதுவும் ஜோக்காக. அந்த வருடத்தின் மோசமான படம் என்று ராஸி விருது கொடுத்தார்கள். இந்தக் காரணத்துக்காகக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

2002. எயிட் லெக்டு ஃப்ரீக்ஸ். எல்லோரி எல்காயெம் இயக்கம். அரிசோனாவில் ப்ராஸ்பரிட்டி என்று ஒரு ஊர். பெயர்தான் வளம், ஊர் திவால். மேயர் பழைய சுரங்கத்தில் விஷக் கழிவை வைத்துக்கொள்ள ஒப்பந்தம் பேசியிருக்கிறார். லாரியிலிருந்து உருண்ட ஒரு பீப்பாய் குளத்தில் விழுகிறது. குளத்து வெட்டுக்கிளியை சிலந்திப் பண்ணைக்காரர் தன் சிலந்திகளுக்குப் போடுகிறார். ஆரம்பம் அபாரம். கையில் காசில்லாத ஊர் விஷத்தை வாங்கி வைத்துக்கொள்கிறது என்பதைவிட நிஜமான விஷயம் வேறென்ன? பைக்கில் ஓடும் பையன்களைத் தாவும் சிலந்திகள் துரத்தும் காட்சி பின்னிப் பெடலெடுக்கும். ஷெரீப்பாக ஒரு பெண். ஜனங்கள் ஷாப்பிங் மாலுக்குள் புகுந்து கதவடைத்துக்கொள்வது அப்படியே கௌபாய் படத்துக் கோட்டை முற்றுகை. ஜாலியாகப் பார்க்க இந்தப் படத்தை அடிக்க ஆளில்லை.

முடிவு? சுரங்கத்தில் வாயுவைப் பற்றவைத்து சிலந்திகளைக் கொளுத்துகிறான் நாயகன். அதே சுரங்கத்தில் தங்கம் கிடைக்கிறது. ஊர் பிழைத்தது. சுபம்! விஷம் கொண்டுவந்து தள்ளிய கம்பெனி எங்கே? ஒப்பந்தம் போட்ட ஆட்கள் எங்கே? குளத்துத் தண்ணீர் என்ன ஆச்சு? கேட்கப்படாது. வாராக்கடனை லாட்டரிச் சீட்டால் அடைத்த கதை. 1955 படம் கணக்கைக் கொளுத்தியது. 2002 படம் அதன் மேல் தங்க முலாம் பூசிவிட்டது. இரண்டில் இரண்டாவதுதான் மோசம். கொளுத்தினவனுக்காவது அங்கே கணக்கு ஒன்று இருந்தது என்று தெரியும்.

நிஜ பில் யாருக்கு வந்தது?

"வெறும் படம்தானே, இவ்வளவு ஆவேசம் எதற்கு" என்றால், அந்த மண்ணில் நிஜமாக பில் கட்டினவர்கள் இருக்கிறார்கள். நெவாடாக் குண்டுகளின் சாம்பல் விழுந்த பகுதிகளில் புற்றுநோய் வந்தவர்களுக்கு நஷ்டஈடு தர அமெரிக்கா சட்டம் போட்டது 1990இல். தலைக்கு 50 ஆயிரம் டாலர். டாரன்டுலா வந்து 35 வருடம் ஆகியிருந்தது. பிறகு சேர்த்த பகுதிகளில் அரிசோனாவின் யாவபாய் கவுண்டியும் உண்டு. வெர்டே பள்ளத்தாக்கு இருப்பது அங்கேதான். முதல் குண்டு வெடித்தது நியூ மெக்சிகோவில், 1945இல். அந்த வெடிப்பிலிருந்துதான் 1954இல் வந்த தெம்! படத்தின் ராட்சத எறும்புகள் பிறந்தன. எறும்புகளுக்கு ஒன்பது வருடத்தில் படம் கிடைத்துவிட்டது. அங்கே வாழ்ந்த ஜனங்களை நஷ்டஈட்டுச் சட்டத்தில் சேர்த்தது 2025இல்தான். எண்பது வருடம்.

அதற்கும் முந்தின பாக்கி ஒன்று இருக்கிறது. வெர்டே பள்ளத்தாக்கு யாவபாய், அப்பாச்சி மக்களின் இடம். 1875 பிப்ரவரியில் அவர்களில் சுமார் 1500 பேரை ராணுவம் அங்கிருந்து கிளப்பி, குளிரில், மலை வழியே சான் கார்லோஸுக்கு நடத்திச் சென்றது. சுமார் 290 கிலோமீட்டர். வழியில் செத்தவர்கள் பலர். சுமார் 25 வருடம் கழித்துத்தான் மிச்சமிருந்தவர்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். கிங்டம் ஆஃப் த ஸ்பைடர்ஸ் படத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த அளவுக்கு அதன் கணக்கும் அரைகுறைதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கை "யாருமில்லாத" இடமாகக் காட்ட மறுத்து, அங்கே முன்பே இருந்த ஒன்று திரும்பி வந்து ஊரை எடுத்துக்கொண்டது என்று முடிக்கிற துணிச்சல் அதற்கு இருந்தது. இன்றைக்குப் பல கோடி டாலர் போட்டு எடுக்கிறவர்களுக்கு அது இல்லை.

எனவே சிலந்திப் படம் பார்த்துச் சிரிக்கப் போகிற மகாஜனங்களே, தாராளமாகச் சிரியுங்கள். படம் முடிந்ததும் மூன்றே மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். பீப்பாயை யார் கொண்டுவந்தது? அதில் யாருக்கு லாபம்? கடைசியில் யார் கட்டினார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால், ரப்பர் காலாக இருந்தாலும் அது நல்ல படம். பதிலே இல்லையென்றால் எத்தனை கோடியில் கிராபிக்ஸ் செய்திருந்தாலும் அதுதான் அக்மார்க் மொக்கை.